பிரதான விண்ணப்பதாரி

எங்கள் ஊர் ஆண்களுக்கு வெட்கம் எந்த இடத்தில் வரும், எந்த இடத்தில் வராது என்பதை நான் பல வருடமாக ஆராய்ந்திருக்கிறேன். மனைவி வீட்டில் குடியிருக்க வெட்கம் வராது. மனைவியின் வயலில் விளைந்த நெல்லைச் சாப்பிட வெட்கம் வராது. கல்முனையிலும் நிந்தவூரிலும் அட்டாளைச்சேனையிலும் அதுதான் வழமை. கலியாணத்தன்று மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு பெண் வீட்டுக்கு வருவார். பெண்ணைப் பெற்றவர்கள் வீட்டை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, பின்வளவில் ஒரு சின்ன வீட்டைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். அந்த நாளிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரர். முன்கதிரை அவருடையது, பொரித்த மீனில் நடுத்துண்டு அவருடையது. வீட்டு உறுதிப் பத்திரத்தில் பெயர் மட்டும் பெண்ணுடையது. இதில் யாருக்கும் மரியாதை குறைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மனைவியின் பெயரில் விசா என்றதும்தான் அந்த வெட்கம் எங்கிருந்தோ புறப்பட்டு வந்தது.

நான் கணக்காளர். இதைச் சொன்னால் "எந்தக் கடையில?" என்று கேட்டவர்கள் உண்டு. எழுபதுகளின் முடிவில், பட்டப்படிப்பு முடித்து, தபால் மூலம் படிக்கும் கணக்கியல் பரீட்சைகளையும் ஒவ்வொன்றாகத் தாண்டி, அம்பாறையில் ஓர் அரச திணைக்களத்தின் கணக்குக் கிளையில் சேர்ந்தேன். காலையில் கல்முனையில் பஸ் ஏறினால் சம்மாந்துறை வயல்களுக்கூடாகப் போய், பொழுது சாயத் திரும்பி வருவேன். அலுவலகத்துக்கு வருகிறவர்கள் என் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு, "கணக்காளர் ஐயா வரல்லயா?" என்று என்னிடமே கேட்பார்கள். "வந்து அரை மணித்தியாலமாகிறது, சொல்லுங்கள்" என்பேன். அப்போதும் கண்கள் என் தலைக்கு மேலால் யாரையோ தேடும்.

படித்த பெண்ணுக்கு எங்கள் ஊரில் மாப்பிள்ளை கிடைப்பது லேசல்ல. பார்க்க வந்தவர்கள் என் சம்பளத்தை விசாரித்தார்கள். பிறகு, வேலையை விட்டுவிடுவாளா என்றும் விசாரித்தார்கள். இரண்டும் ஒரே வாயிலிருந்து வரும். இப்படிப் பலர் வந்து தேநீர் குடித்துவிட்டுப் போன பிறகு, இருபத்தொன்பதாவது வயதில் எனக்குக் கலியாணம் நடந்தது. அவர் அரசாங்க நெற் களஞ்சியத்தில் ஸ்டோர் கீப்பர். நல்ல மனிதர். நான் வேலைக்குப் போவதைத் தடுக்கவில்லை, பஸ் பிந்தினால் சந்தியில் வந்து காத்து நிற்பார். அவரிடம் ஒரே ஒரு குறை இருந்தது. அது அவருடைய காக்கா.

காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரன். அந்த மனிதர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்தார். யார் வீட்டில் என்ன நடக்க வேண்டும், என்ன நடக்கக்கூடாது என்பதில் அவருக்குக் கருத்து இருந்தது. அவருடைய மனைவி குவைத்தில் ஓர் அரபி வீட்டில் சமையல் வேலை செய்துகொண்டிருந்தாள். அவள் அனுப்பியதில் வீட்டுக்கு முன்மண்டபம் வந்தது, நிலத்துக்குப் பளபளக்கும் கல் வந்தது, கலர் டீவி வந்தது. அவள் வரவில்லை, அவ்வளவுதான். காக்கா அந்த முன்மண்டபத்தில் சாய்மனைக் கதிரையைப் போட்டுச் சாய்ந்துகொண்டு, வெளிநாட்டு மோகம் பெண்களைக் கெடுத்துவிட்டதாகக் கவலைப்படுவார்.

எண்பதுகளின் நடுவில், யுத்தம் தொடங்கிய பிறகு, எங்கள் பஸ் ஓடாத நாட்கள் கூடின. ஓடினாலும் எந்தச் சந்தியில் யார் மறிப்பார்கள் என்று தெரியாது. அலுவலகத்தில் என்னிடம் வேலை பழகிய ஒருவர் எனக்கு மேலே போய் உட்கார்ந்தார். உட்கார்ந்துகொண்டு என்னிடமே சந்தேகம் கேட்டார். அந்த வாரம்தான், போவது என்று முடிவு செய்தேன். எங்கே போனாலும் கணக்காளராகப் போக வேண்டும், கணக்காளராகவே வேலை செய்ய வேண்டும். வேறு ஆசை எதுவும் எனக்கு இருக்கவில்லை.

முதலில் கல்முனை பஸாரில், ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் இருந்த ஏஜென்சிக்காரரிடம் போனோம். அந்தக் காலத்தில் எங்கள் ஊருக்கு உலகம் என்றால் சவூதியும் குவைத்தும்தான். அவர் என் சான்றிதழ்களை மிகவும் மரியாதையாகப் புரட்டினார். புரட்டி முடித்து, நேராக அடுக்கி, என் பக்கம் தள்ளினார்.

"மிச்சம் நல்ல படிப்பு தங்கச்சி. ஆனா எக்கவுண்டன் விசா ஆம்புளையளுக்குத்தான் வாற. பொம்புளையளுக்கு ஹவுஸ்மெய்ட் விசா இரிக்கி. அது கெதியா எடுத்துத் தரலாம்."

"நான் கணக்காளர்" என்றேன்.

"அது பிரச்சினயில்ல. போய் இறங்கிட்டு மெல்லமா மேடத்துக்கிட்டச் சொல்லுங்க, எனக்குக் கணக்கும் தெரியும் எண்டு. அவட புள்ளையளுக்குப் படிப்பிச்சிக் குடுக்கலாம்."

பிறகு என் கணவரைப் பார்த்தார். "இவருக்கு மேசன் விசா ஒண்டு கைவசம் இரிக்கி."

"இவருக்குச் சீமெந்து குழைக்கத் தெரியாதே?"

"தெரியத் தேவல்ல. பேப்பர்லதான் மேசன். போனா ஏதாவது வேல கெடைக்கும்."

கணக்காளரை வேலைக்காரியாக்கி, களஞ்சியக்காரரை மேசனாக்கி அனுப்பும் அந்த மனிதரை ஊர் ஹாஜியார் என்று எழுந்து நின்று கூப்பிட்டது. எங்கள் கிளையில் ஒரு கிளார்க் இருந்தார். கூட்டினால் ஒரு விடை வரும், திரும்பக் கூட்டினால் வேறு விடை வரும். அவர் அதே மாடிப்படியில் ஏறி, கணக்காளர் விசாவோடு இறங்கி, ரியாத் போய்ச் சேர்ந்தார். மீசை இருந்தது, போனார். அந்த நாட்டுக் கம்பனி பிறகு என்ன பாடுபட்டதோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

அடுத்து, என்னோடு படித்த ஒருத்தி கொழும்பில் சொன்னதைக் கேட்டு, அவுஸ்திரேலியாவுக்குப் போகும் வழியை விசாரித்தேன். விளக்கத் தாள்களை வாங்கி வந்து ஒரு வாரம் படித்தேன். அங்கே உறவினர் இருந்தால் அவர்கள் கேட்டு எழுதலாம். என் உறவினர்களில் தூரம் போனவர் பொத்துவில் வரை போனவர். அங்கே ஒரு கம்பனி கேட்டு எழுதலாம்; கல்முனையில் இருக்கும் என்னை எந்தக் கம்பனி கனவு காணப்போகிறது? இன்னொரு வழி, படிப்புக்கும் தொழிலுக்கும் வயதுக்கும் ஆங்கிலத்துக்கும் புள்ளி போட்டு, போதுமானால் குடியேற விடுவது. அதில் முதலில் என் தகைமையை அங்குள்ள கணக்காளர் சங்கம் ஒன்று ஏற்க வேண்டும். நாள் எடுக்கும். ஆனால் அரபுநாடு மாதிரிக் கடவுச்சீட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொள்ள மாட்டான், ஒப்பந்தம் முடிந்ததும் பெட்டியைக் கட்டு என்று சொல்ல மாட்டான், கணவன் மனைவி சேர்ந்தே போகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தாள்களில் எங்கேயும் ஆணா பெண்ணா என்று பார்த்துப் புள்ளி போடுவதாக இல்லை.

குடும்பத்தில் ஒருவர் பிரதான விண்ணப்பதாரி. மற்றவர் அவரில் தங்கியிருப்பவராக, அவரோடு போவார். என் தொழிலுக்குப் புள்ளி இருந்தது. ஸ்டோர் கீப்பருக்கு இல்லை. என் பெயரை முதலில் போட்டால் கதவு திறக்கும், அவர் பெயரைப் போட்டால் மூடும். இதற்கு ஒரு கணக்காளர் கூடத் தேவையில்லை, மூன்றாம் வகுப்புப் பிள்ளை போதும். அவரிடம் சொன்னேன். "சரி புள்ள, நீ சொல்ற மாதிரிச் செய்வம்" என்றார். அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய், காக்காவோடு திரும்பி வந்தார்.

காக்கா முன்கதிரையில் உட்கார்ந்து, நான் கொடுத்த தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத் தொடங்கினார்.

"நம்மட குடும்பத்துல ஒருத்தனும் பொஞ்சாதிர பேருல போனதில்ல. நாளைக்கி அங்க ஏர்போட்டுல ஆர்ர பேரக் கூப்பிடுவான்? அவட பேரத்தானே? இவன் பின்னால பொட்டி தூக்கிட்டுப் போறதா?"

"காக்கா, இவர் இரிக்கிற வீடு ஆர்ர பேருல இரிக்கி?" என்று கேட்டேன்.

"அது வழம. சீதனம். அது வேற."

"அப்ப மச்சி, உங்கட பொஞ்சாதி, குவைத்துக்கு ஆர்ர பேருல போனா?"

"அதுவும் வேற. அவள நான் அனுப்பினன்."

இதற்கு மேல் ஒரு சட்டத்தரணியாலும் விளக்க முடியாது. மனைவியைத் தனியாக, முகம் தெரியாத வீட்டுக்குப் பாத்திரம் கழுவ அனுப்பினால் அனுப்பியவனுக்கு மரியாதை. அதே மனைவி தன் படிப்பில் போய், புருசனையும் பக்கத்தில் இருத்திக்கொண்டால் மானக்கேடு. ஊருக்கு உபதேசம் செய்கிறவருக்குத் தன் முதுகு தெரியாது என்பார்கள். இவருக்குத் தன் முன்மண்டபமே தெரியவில்லை.

பின்வளவிலிருந்து உம்மா வந்தா. எனக்காகப் பேசுவா என்று நினைத்தேன். என்னைப் படிப்பித்த வாப்பா மௌத்தாகிச் சில வருடமாகியிருந்தது. இருந்திருந்தால் கதை வேறு. உம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "அவர் சொல்றதுலயும் நியாயம் இரிக்கி மகள். மாப்பிள்ளைட மனசு நோகப்படாது" என்றா. மாப்பிள்ளையின் மனசு நோகாமல் இருக்கத் தன் வீட்டையே கொடுத்துவிட்டுப் பின்னால் போய்ப் படுக்கிறவ அவ. வேறு எப்படிப் பேசுவா?

அதற்கு நான் அசையவில்லை. சங்கத்துக்கு என் சான்றிதழ்ப் பிரதிகளை அனுப்பிவிட்டு, விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். என் பெயர் முதலில், அவர் பெயர் அடுத்து. ஆனால் கொண்டுபோய்க் கொடுக்கும் நேரத்தில் அலுவலகத்தில் வருட முடிவுக் கணக்கு வந்துவிட்டது. லீவு கேட்டால் சிரிப்பார்கள். "நான் குடுத்துட்டு வாறன்" என்றார் அவர். துணைக்குக் காக்காவும் கொழும்பு பஸ்ஸில் ஏறினார். அப்போதே என் மூளை வேலை செய்திருக்க வேண்டும்.

திரும்பி வந்தவர் குளித்து, சாப்பிட உட்கார்ந்து, சந்தோசமாகவே சொன்னார்:

"போம் மாத்தி எழுதினம் புள்ள. காக்கா சொன்னாரு, வெள்ளக்காரன் குடும்பத்தத்தான் பாப்பானாம். பொஞ்சாதி வேலைக்கிப் போறாவெண்டா, புரிசனுக்கு வக்கில்ல எண்டு நெனப்பானாம். அதால என்ட பேர முதல்ல போட்டம்."

"என்னை என்னவெண்டு போட்டீங்க?"

"வீட்டுல இரிக்கிற எண்டு."

கலியாணம் பேசப் போகிறவர்கள் என்ன செய்வார்களோ, அதை அப்படியே செய்திருந்தார்கள். பெண் வீட்டை விட்டு வெளிக்கிடாதவள், அடக்கமானவள் என்று சொன்னால் சம்பந்தம் சீக்கிரம் சரிவரும். அதே மாதிரி ஒரு நாட்டோடு சம்பந்தம் பேசப் போயிருக்கிறார்கள். அது மட்டுமல்ல. தெருவோரத்தில் மனு அடிக்கிற ஒருவரைப் பிடித்து, ஒரு தனித் தாளும் ஆங்கிலத்தில் அடித்துச் சேர்த்திருந்தார்கள். நாங்கள் தாய்வழியில் என்ன குடி, அந்தக் குடியில் பள்ளிவாசலுக்கு மரைக்காயராக, அதாவது நிர்வாகியாக, இருந்தவர்கள் யார், யார் யார் ஹஜ்ஜுக்குப் போனவர்கள், குடும்பத்தில் தலாக் நடந்ததே இல்லை என்பதெல்லாம் அதில் இருந்தது. நாவிதன்வெளியில் எனக்கிருந்த வயலையும் விடவில்லை. வருடக்கணக்காக நான் படித்த படிப்பு மட்டும் அதில் இல்லை. சான்றிதழ்ப் பிரதிகளைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

சோற்றுக் கோப்பையை அவர் முன்னால் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். துக்கத்தில் வந்த அழுகை இல்லை, கோபத்தில் வந்தது. அறையும் என்னுடையது, கதவும் என்னுடையது, அழ வைத்தவரும் அங்கேயே இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த விண்ணப்பத்துக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அதுவே நடந்தது. மறுத்துவிட்டார்கள். காக்கா செய்தி கேட்டு வந்தார். தன் மேல் பிழை இருக்கலாம் என்ற சந்தேகம் அவர் முகத்தில் ஒரு மூலையிலும் இல்லை. "அவன் நம்மளப் போல ஆக்களுக்குக் குடுக்க மாட்டான்" என்று தீர்ப்புச் சொன்னார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை. பிறகு, அந்த மேசன் விசா இன்னும் இருக்கிறதா என்று ஏஜென்சிக்காரரிடம் கேட்டுப் பார்ப்போமா என்றார்.

அவர் போன பிறகு குசினியில் வைத்து என் கணவரிடம் சொன்னேன். "இனி நானே எழுதுவன், நானே கொண்டு போவன். நீங்க கையெழுத்து வெச்சா ரெண்டு பேரும் போவம். இல்லாட்டி மேசன் விசாவுல போங்க, நான் இங்க இருந்து அம்பாறைக்கிப் பஸ் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

காக்காவின் வாயிலிருந்து வந்ததல்ல, தன் சொந்தக் கேள்வி ஒன்றை அவர் கேட்டார்.

"அங்க போய் நான் என்ன செய்யிற புள்ள?"

அந்தக் கேள்விக்கு நான் இரங்கியிருக்கலாம். எனக்கு இரக்கம் வரவில்லை. "இங்க என்ட வீட்டுல இரிக்கீங்க. அங்க என்ட விசாவுல இரிங்க. மறுகா ஒரு வேலையத் தேடுங்க. வெள்ளக்காரனும் சாமான் அடுக்கி வெக்கிறவன்தானே, அவனுக்கும் ஸ்டோர் இரிக்கும்" என்றேன்.

கையெழுத்து வைத்தார். "காக்காட்டச் சொல்லாத" என்றார். நான் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. தேநீர்க் கடையில் அவருக்கு விசா மாப்பிள்ளை என்று பட்டம் வைத்தார்கள். "மாப்பிள்ள, அங்க போனா சீல தோய்க்கிறது ஆரு?" என்று கேட்டார்களாம். கேட்டவர்களில் பாதிப்பேர் மனைவியை ஜோர்தானுக்கும் குவைத்துக்கும் அனுப்பிவிட்டுத் தாங்களே சீலை தோய்த்துக்கொண்டிருந்தவர்கள். அவர் தேநீர்க் கடைக்குப் போவதை நிறுத்தினார். நான் அதைக் கவனிக்காததுபோல் இருந்தேன்.

சங்கம் என் தகைமையை ஏற்றுக்கொண்டது. விண்ணப்பத்தைக் கொடுத்தேன். பல மாதங்களுக்குப் பிறகு நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் கொழும்புக்குப் போனோம். காக்கா வருவதாகச் சொன்னார். அந்த ஒரு விசயத்தில் என் கணவர் தானாகவே வேண்டாம் என்றுவிட்டார்.

அதிகாரி நடுவயது வெள்ளைக்காரர். அவருக்குப் பக்கத்தில், என் கணவருக்காக, மொழிபெயர்க்க ஒரு கொழும்புத் தமிழ்ப் பெண் இருந்தார். அதிகாரி என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் கேட்டார். ஆங்கிலத்தில் சொன்னேன். நன்றாகப் போகிறது என்று நான் நினைத்த நேரம், மேசையில் இருந்த இரண்டாவது கோப்பைத் திறந்தார். பழைய விண்ணப்பம். எங்கள் குடிப்பெருமையெல்லாம் ஆங்கிலத்தில் அடித்த அந்தத் தாளும் அதற்குள் இருந்தது.

"இதில் உங்கள் மனைவி வீட்டில் இருப்பவர். இதில் அதே மனைவி பல வருட அனுபவமுள்ள கணக்காளர். இரண்டில் ஒன்று பொய். எது?"

நான் வாய் திறந்தேன். அதிகாரி கையை உயர்த்தி நிறுத்தினார். முதல் விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார்.

என் பட்டம், என் பரீட்சைகள், நான் பஸ்ஸில் கழித்த வருடங்கள் எல்லாம் இப்போது என் கணவரின் வாயில் கிடந்தன. தன் மானத்தைக் காப்பாற்ற அவருக்கு லேசான வழி இருந்தது. "இவ இப்பதான் வேலைக்கிச் சேர்ந்தா" என்று ஒரு வசனம் சொன்னால் போதும். முதல் தாள் உண்மையாகிவிடும், நான் பொய்க்காரியாகிவிடுவேன். மூத்தவர் வாயைப் பார்த்தே வளர்ந்தவர். இப்போது அந்தப் பக்கம் மூத்தவர் இல்லை. மொழிபெயர்ப்பாளர் கேள்வியைத் தமிழில் சொன்னார். என் கணவர் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன், இன்னும் அவர் எதுவும் சொல்லாமலே.

"இவ முந்தியும் கணக்காளர்தான்" என்றார். "பொய் எழுதினது நான். வெக்கத்துல எழுதினன்."

அந்தப் பெண் மொழிபெயர்த்தார். அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். கோபம் இல்லை, விளங்காத முகம். ஏதோ கேட்டார்.

"என்னத்துக்கு வெட்கம் எண்டு கேக்கிறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

என் கணவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பள்ளியிலும் தேநீர்க் கடையிலும் எல்லோருக்கும் சொல்லாமலே விளங்கிய காரணத்தை, அந்த மேசைக்கு முன்னால் வைக்க அவருக்கு ஒரு சொல் அகப்படவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியா சேர்" என்றார்.

விசா வந்தது.

புறப்படும் நாளில் வீடு நிறைய ஆட்கள். ஓதி ஊதியவர்கள், அழுதவர்கள், அங்கிருந்து என்ன அனுப்ப வேண்டும் என்று சொல்ல வந்தவர்கள். உம்மா எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டா. இருந்தும் குசினியில் ஒரு மூலையில்தான் நின்றா. எங்களை ஏற்றிப்போகும் வான் வண்டி வாசலில் நின்றது. காக்கா எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். புது உடுப்பு. கையை உயர்த்தி நீளமாகத் துஆ கேட்டார். பிறகு தம்பியின் தோளில் கை போட்டுக்கொண்டு, கூட்டம் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்:

"பொஞ்சாதியப் பத்திரமாக் கூட்டிட்டுப் போ தம்பி."

நான் என் கணவரைப் பார்த்தேன். கொழும்பில், மேசைக்கு முன்னால், அந்நியன் ஒருவனிடம் உண்மையைச் சொன்ன மனிதர். அவர் தலையைக் குனிந்தார்.

"ஓம் காக்கா" என்றார்.

அந்த ஓம் எனக்குச் சுட்டது. இத்தனைக்கும் பிறகு, வாசலில் வைத்து, ஒரு ஓம். நான் முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு முன்னால் வந்தேன். பெரியவர்களுக்கு முன்னால் பெண் குரல் எழுப்பக்கூடாது என்பது எனக்கும் தெரியும்.

"காக்கா, இவர நான்தான் கூட்டிட்டுப் போறன்" என்றேன். "நீங்க ஒண்டுக்கும் பயப்படாதீங்க. உங்கட தம்பிய நான் பத்திரமாப் பாத்துக்குவன்."

வாசலில் நின்ற அத்தனை பேரில் ஒருவர் கூடச் சிரிக்கவில்லை. காக்காவின் கை தம்பியின் தோளிலேயே இருந்தது. தம்பி மட்டும் சிரித்தார். முதலில் மெல்ல, பிறகு அடக்க முடியாமல், தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார்.